செஷ்ஷூவின் ஹபோகு முறை: ஷுவான் தாளில் மை ஓடிவிடுகிறது, எங்கே தவறு?

நீர்க்கோடு (கேள்வி)

ஜப்பானியத் துறவி ஓவியர் செஷ்ஷூ 1495இல் வரைந்த ஹபோகு நிலக்காட்சியை மாதிரியாக வைத்துப் பயிற்சி செய்கிறேன். வெளிறிய மையின் மேல் ஈரத்திலேயே அடர்ந்த மையை வைத்து வடிவம் எழுப்பும் முறைதான் ஹபோகு. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அது. பார்வைக்கு எளிதாகத்தான் தெரிகிறது: பின்னால் வெளிறிய மலை, முன்னால் கரிய மரக்கூட்டம், அடியில் ஒரு கூரை, தண்ணீரில் ஒரு படகு. வரைய உட்கார்ந்தால் எதுவும் இட்ட இடத்தில் நிற்பதில்லை.

பயன்படுத்துபவை: பசையூட்டாத சீன ஷுவான் தாள், புட்டி மை, நடுத்தர அளவு ஆட்டுமயிர்த் தூரிகை. சிக்கல்கள் மூன்று.

வெளிறிய மையின் மேல் ஈரத்தோடு அடர்ந்த மையை வைத்தால் அது நாலாபக்கமும் பரவி வடிவமே இல்லாமல் போகிறது. காயவிட்டு வைத்தால் வெட்டி ஒட்டியது போல விளிம்பு தனியாக நிற்கிறது. கூரை, படகு ஆகியவற்றின் மெல்லிய கோடுகள் இரண்டு மடங்கு தடித்துவிடுகின்றன.

கூடவே ஒரு பொதுவான சந்தேகம். இந்த முறை சீனத்திலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீனத்தில் யாரிடமிருந்து? முதலில் சீன ஓவியம் பழகிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா? எழுத்துக்கலை, அதாவது சீன எழுத்துகளைத் தூரிகையால் எழுதும் கலை, தெரியாமல் இதைத் தொடக்கூடாது என்கிறார்களே, அது உண்மையா?

---

கோசோநார்

முதல் சிக்கலும் மூன்றாவது சிக்கலும் தாளால் வருபவை. அதை மாற்றாமல் கையை எவ்வளவு பழக்கினாலும் பலன் குறைவு.

ஷுவான் தாள் அன்ஹுய் மாகாணத்தின் ஜிங் வட்டாரத்தில் சிங்தான் மரப்பட்டையையும் வைக்கோலையும் கலந்து செய்யப்படுவது. பசையூட்டாத தாள் தூரிகை தொட்ட நொடியில் நீரை உறிஞ்சிப் பக்கவாட்டில் இழுக்கும். அந்தப் பரவலையே அழகாக்கும் ஓவிய முறை சீனத்தில் மிங் காலத்தில்தான் (1368–1644) வேரூன்றியது. நீங்கள் தேடும் வழி அதற்கு முந்தையது, தெற்கு சோங் காலத்தது (1127–1279). அந்தக் காலத் துறவி ஓவியர்கள் பட்டிலும், இவ்வளவு உறிஞ்சாத தாளிலும் வரைந்தார்கள். அவர்களில் ஒருவர் முச்சி; கியோட்டோ தைதொகுஜி கோயிலில் உள்ள அவருடைய குவான்யின் (கருணையின் போதிசத்துவர்), கொக்கு, குரங்கு ஆகிய மூன்று ஓவியங்களும் பட்டில் வரைந்தவை. அவற்றில் தெரியும் மூட்டம் தாள் இழுத்ததால் வந்ததல்ல. மேற்பரப்பிலேயே நீரும் மையும் கலந்து மெல்ல உலர்ந்ததால் வந்தது. செஷ்ஷூ தாளில்தான் வரைந்தார், ஆனால் அவருடைய அடர்ந்த திட்டுகளின் விளிம்பை உற்றுப் பாருங்கள். பஞ்சு போலப் பிரியாமல், தூரிகையின் பக்கவாட்டு வடிவம் அப்படியே பதிந்திருக்கிறது.

உங்களுக்குத் தேவை அரைப் பசையூட்டிய தாள். கடையில் கிடைக்காவிட்டால் நீங்களே செய்யலாம். ஜப்பானில் தோசா என்று சொல்லும் பூச்சு இது.

அரை லிட்டர் தண்ணீரில் 8 முதல் 10 கிராம் விலங்குப் பசையை இரவு முழுக்க ஊறவையுங்கள். நிறமும் மணமும் சேர்க்காத ஜெலட்டினும் போதும். மறுநாள் பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்துக் கரையுங்கள். 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கொதித்தால் பசையின் பிடிப்பு கெட்டுவிடும். துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும், தனியாகக் கரைத்த 3 கிராம் படிகாரத்தைச் சேர்த்துக் கலக்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் படிகாரமே இதற்கு ஏற்றது. இது முழுப் பூச்சுக்கான வலிமை. அரைப் பூச்சு வேண்டுமென்றால் சம அளவு வெதுவெதுப்பான நீர் சேர்த்து நீர்க்கச் செய்யுங்கள்.

அகன்ற தட்டைத் தூரிகையில் எடுத்து, இடமிருந்து வலமாக, ஒரு வரி மற்றொன்றின் மேல் சிறிது ஏறும்படி ஒரே தடவை பூசுங்கள். திரும்பத் தேய்த்தால் ஈரத் தாளின் நார் எழும்பும். நிழலில் உலர்த்தி ஒரு வாரமாவது கழித்துப் பயன்படுத்துங்கள். பூசிய மறுநாள் வரைந்தால் பூச்சு முழுமையாகப் பிடித்திருக்காது. படிகாரத்தைக் கூட்டினால் தாள் மினுமினுக்கும், மை ஒட்டாமல் வழுக்கும், வருடங்கள் போகப்போக அமிலத்தால் தாள் நொறுங்கும்.

சோதனை எளிது. ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே மறைந்தால் பூச்சு போதாது. முத்தாக உருண்டு நின்றால் அதிகம். பத்துப் பதினைந்து விநாடிகளில் மெதுவாக உள்ளே இறங்கினால் ஹபோகுவுக்குச் சரியான தாள்.

---

கரிப்புகை

கோசோநார் சொன்ன தாள் விஷயத்தோடு முழு உடன்பாடு. மரபு, எழுத்துக்கலை இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி.

செஷ்ஷூ (1420–1506) 1467இல் மிங் சீனத்துக்குப் போனார். நிங்போவில் இறங்கி பெய்ஜிங் வரை சென்று 1469இல் திரும்பினார். நீங்கள் பார்த்து வரையும் ஓவியத்தின் மேலேயே அவர் கைப்பட எழுதிய குறிப்பு இருக்கிறது. தன்னிடம் பயின்று விடைபெறும் சோஎன் என்ற துறவிக்காக வரைந்தது அது. சீனத்தில் லி ஸாய் முதலானவர்களிடம் வண்ணமிடுதலும் மை முறையும் கற்றதாகவும், திரும்பி வந்த பிறகு ஜப்பானிய முன்னோடிகளான ஜோசெத்சு, ஷூபுன் ஆகியோரின் உயர்வு புரிந்ததாகவும் அதில் எழுதுகிறார்.

ஆனால் அந்த ஓவியத்தின் கை லி ஸாயின் கை அல்ல. அதற்கு முன்மாதிரி தெற்கு சோங் காலத் துறவி யூஜியன், ஜப்பானில் அவரைச் சொல்லும் பெயர் கியோகுகான். டோக்கியோவின் இதெமித்சு அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ‘மலைச் சந்தையில் மூட்டம் விலகுதல்’ ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாய்ந்த பாறைத் திட்டு, அதன் காலடியில் நாலைந்து கோடுகளில் கூரை, மீதியெல்லாம் வெறும் தாள். ஒரே குடும்பம் என்பது உடனே தெரியும்.

ஆக, செஷ்ஷூ நேரில் கண்ட மிங் ஓவியத்தைவிட, அதற்கு வெகு முன்பே கடல் கடந்து வந்து ஜப்பானியக் கோயில்களிலும் ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்-ஆட்சியாளர்களின் சேமிப்பிலும் இருந்த சோங் ஓவியங்கள்தான் இங்கே வேலை செய்கின்றன. முச்சியைச் சீனத்தின் யுவான் காலத் திறனாய்வாளர்கள் பழைய விதிகளுக்கு அடங்காத முரட்டுக் கை என்று ஒதுக்கினார்கள். அவருடைய ஆகச்சிறந்த படைப்புகள் இன்று இருப்பது ஜப்பானில். சீன ஓவியத்தின் தாக்கம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, சீனம் பெரிதாக மதிக்காத ஒரு கிளையை ஜப்பான் தன் நடுத்தண்டாக ஆக்கிக்கொண்டது என்று சொல்வதுதான் துல்லியம் என்பேன்.

இன்னொன்றும் நடந்தது. முச்சியின் ‘ஷியாவ் ஷியாங் எட்டுக் காட்சிகள்’ கிடையாக விரித்துப் பார்க்கும் நீண்ட சுருள். ஷோகுன் அஷிகாகா யோஷிமித்சுவின் முத்திரை பதிந்த அந்தச் சுருள் காட்சி காட்சியாக நறுக்கப்பட்டுச் சுவரில் தொங்கும் ஓவியங்களானது. நகர்ந்துகொண்டே இருந்த வெளி, தனித்து நிற்கும் வெளியாகிவிட்டது. ஜப்பானிய ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியது இந்தத் துண்டுகளைத்தான். நெசு அருங்காட்சியகத்திலும் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்திலும் அவற்றில் சில உள்ளன.

இப்போது எழுத்துக்கலை. சீன எழுத்துகளை எழுதும் முறைகளில் மூன்றை ஜப்பான் அடிப்படையாகக் கொண்டது: ஒவ்வொரு கோட்டையும் நிறுத்தித் தெளிவாக எழுதும் ஷின், கோடுகள் ஒன்றையொன்று தொட்டு ஓடும் க்யோ, எலும்பை மட்டும் வைத்து விரையும் ஸோ. கானோ மொதொநொபு (1476–1559) தன் பட்டறையில் ஓவியத்தையும் இதே மூன்றாகப் பிரித்தார். தெற்கு சோங் ஓவியர்களான மா யுவான், ஷியா குவெய் ஆகியோரின் கூர்மையான பாறைக் கோடுகள் ஷின். முச்சியின் மென்மை க்யோ. யூஜியனின் மைத்திட்டு ஸோ. பல கைகள் சேர்ந்து ஒரு கோயிலின் கதவுப் பலகைகள் முழுவதையும் வரையும்போது எல்லோரும் ஒரே நடையில் நிற்க இந்தப் பிரிப்பு உதவியது.

நீங்கள் பழகுவது ஸோ. எழுத்தில் ஸோவுக்கு நேரடியாகப் போகிறவர்கள் செய்யும் அதே பிழை ஓவியத்திலும் வரும்: எது எலும்பு என்று தெரியாமல் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. செஷ்ஷூவுக்கு அந்த எலும்பு தெரியும். ஹபோகுவுக்கு அடுத்த வருடம், 1496இல், அவர் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். சீடராக ஏற்கும்படி வேண்டும் ஹுய்கே தன் கையை வெட்டி போதிதர்மரிடம் நீட்டும் காட்சி. தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று மரபு சொல்லும் அதே போதிதர்மர்தான். அங்கே மேலாடைக்குத் தடித்த வெளிறிய ஒரே கோடு, முகத்துக்கு நுண்ணிய கோடுகள். மை தெறிப்பது போன்ற எதுவும் இல்லை.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஜீயோங் எழுதிய ஆயிரம் எழுத்துப் பாடம். இவர் சீன எழுத்துக்கலை மேதை வாங் ஷீஜியின் ஏழாம் தலைமுறை வாரிசாகச் சொல்லப்படும் துறவி. ஒவ்வொரு எழுத்தும் திருத்தமான வடிவிலும் விரைவு வடிவிலும் பக்கம் பக்கமாக இருக்கும். அவர் கைப்பட எழுதியதாகக் கருதப்படும் ஒரு படி ஜப்பானில் பாதுகாக்கப்படுகிறது; அதன் அச்சுப் பதிப்புகள் எளிதில் கிடைக்கும். திருத்த வடிவில் எந்தக் கோடு அழுத்தம் பெறுகிறது, விரைவு வடிவில் எது தங்குகிறது, எது உதிர்கிறது என்று ஜோடியாக எழுதிப் பாருங்கள். பாறைத் திட்டில் எதை விடலாம் என்பது அதன் பிறகு புரியத் தொடங்கும்.

---

ஈரவிளிம்பு

கரிப்புகை சொன்ன பயிற்சி கோட்டுக்கு உதவும். ஆனால் நீரை எப்படி ஆள்வது என்பதை எழுத்துக்கலை கற்றுத்தராது. எழுத்தில் பெரும்பாலும் ஒரே அடர்த்தி மைதான். முதலில் எழுத்து, பிறகு ஓவியம் என்று காத்திருக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஹபோகுவின் நடைமுறை இது.

மையை மூன்று கிண்ணங்களில் முன்கூட்டியே கலந்து வையுங்கள். முதலாவது கல்லில் அரைத்த அடர்ந்த மை, நீர் சேர்க்காதது. இரண்டாவதில் ஒரு பங்கு மைக்கு ஐந்து பங்கு நீர். மூன்றாவதில் ஒரு பங்குக்கு இருபது. வரையும்போது கலந்தால் நேரம் போய்விடும், தாள் காத்திருக்காது. தாளுக்கு அடியில் கம்பளி விரிப்பு அவசியம். மரப்பலகையில் நேராக வைத்தால் அடியில் தேங்கும் நீர் வேறிடத்தில் ஊறி எழும்பும்.

பெரிய ஆட்டுமயிர்த் தூரிகையில் மிக வெளிறிய மை எடுத்து, பின்மலையையும் மூட்டத்தின் விளிம்பையும் மூன்று நான்கு வீச்சில் முடியுங்கள். தூரிகையைப் படுக்க வைத்து இழுக்க வேண்டும். உடனே கை வைக்காதீர்கள். தாளைக் கண்மட்டத்துக்குச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நீரின் பளபளப்பு இருக்கிறதா? அப்போது அடர்ந்த மை வைத்தால் ஓடிவிடும், உங்கள் முதல் சிக்கல். பளபளப்பு மறைந்து, புறங்கையை அருகில் கொண்டுபோனால் குளிர்ச்சி மட்டும் தெரிகிறதா? அதுதான் நேரம். குளிர்ச்சியும் போய்விட்டால் விளிம்பு வெட்டிக்கொள்ளும், உங்கள் இரண்டாவது சிக்கல். இந்த இடைவெளி வெயில் நாளில் அரை நிமிடம்கூட இருக்காது. மழைக்காலத்தில் சில நிமிடங்கள் இருக்கும். கடிகாரத்தை நம்பாமல் பளபளப்பை நம்புங்கள்.

அந்த நேரத்தில் நடுத்தர மை. முன்பாறையின் பெரிய சாய்வை இதில் வைத்து, அது பளபளப்பை இழக்கும்போதே அடர்ந்த மை. இதற்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி நீரைக் குறைத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தாளில் இருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் குறைவாக இருந்தால் மை உள்ளே இறங்கி நிற்கும். தூரிகையில் ஈரம் அதிகமென்றால் அந்த நீர் ஏற்கனவே இருக்கும் கரியைத் தள்ளிக்கொண்டு போய், ஓரம் சுருண்ட வெண்திட்டு உண்டாக்கும். அதைத் திருத்தவே முடியாது.

அடர்ந்த மைக்கு ஆட்டுமயிரை விட்டு, மரநாய் மயிரும் ஆட்டுமயிரும் கலந்த விறைப்பான தூரிகைக்கு மாறுங்கள். பத்துப் பன்னிரண்டு தொடுதல்களுக்கு மேல் போகாதீர்கள்.

கூரை, வேலி, படகு, அதில் இருக்கும் இரு உருவங்கள் இவை எல்லாம் முழுக்கக் காய்ந்த பிறகு, கூர்முனைத் தூரிகையில். செஷ்ஷூவின் ஓவியத்தில் அந்தச் சில கோடுகளைக் கைவிரலால் மறைத்துப் பாருங்கள். மேலே இருப்பது மலையா கறையா என்று சொல்ல முடியாது. கோடுகள் வந்ததும் அளவும் தூரமும் வந்துவிடுகின்றன. அதனால் கடைசி ஐந்து கோடுகளுக்குத்தான் எல்லாவற்றையும்விட நிதானம் வேண்டும்.

---

நீர்க்கோடு

பளபளப்பைப் பார்ப்பது பற்றி எங்கும் படித்ததில்லை, மிக்க நன்றி. இரண்டு சின்னக் கேள்விகள். புட்டி மையே போதுமா, மைக்கட்டி வாங்கி அரைக்க வேண்டுமா? கையில் ஒரு கட்டு பசையூட்டாத ஷுவான் இருக்கிறது, அதை ஜப்பானிய முறையில் எதற்காவது பயன்படுத்த முடியுமா?

---

கரிப்புகை

மைக்கட்டி வாங்குங்கள். புட்டி மைகளில் பலவற்றில் செயற்கைப் பிசின் சேர்க்கப்பட்டிருக்கும். இருபது மடங்கு நீர்க்கும்போது அவற்றில் கரி துகள் துகளாகப் பிரியும். உலர்ந்த விளிம்பும் கடினமாக இருக்கும். தூரிகையின் வேரில் இறுகினால் தூரிகையும் வீண்.

மைக்கட்டி என்பது முக்கியமாகக் கரிப்புகையும் விலங்குப் பசையும்தான். எண்ணெய்ப் புகையில் செய்தது சற்றுப் பழுப்பாகச் சாயும், பைன் மரப் புகையில் செய்தது நீலமாகச் சாயும். இந்த வேறுபாடு அடர்ந்த மையில் தெரியாது, நீர்த்த மையில்தான் தெரியும். மூட்டத்துக்குப் பைன் புகை நன்றாக இருக்கும். சீனத்தில் ஹுய்ஜோ வட்டாரம், ஜப்பானில் நாரா நகரம் இவைதான் இந்தத் தொழிலின் தலைமை இடங்கள். நாராவின் கோபாய்யென் 1577இலிருந்து மை செய்கிறது.

கல்லில் ஒரு தேக்கரண்டி நீர் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வட்டமாக அரையுங்கள். அழுத்தினால் பெரிய துகள்கள் பெயர்ந்து வரும். அரைத்த மையை அன்றே தீர்த்துவிடுங்கள். இரவு தாண்டினால் பசை கெட்டு, நீர்த்த மையில் பொரிப்பொரியாகக் கரி ஒதுங்கும். வேலை முடிந்ததும் கட்டியின் ஈர முனையைத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

---

கோசோநார்

பசையூட்டாத தாளை வீணாக்க வேண்டாம். அதற்கென்றே பிறந்த ஜப்பானிய முறை ஒன்று உண்டு: இத்தோ ஜாகுச்சூ (1716–1800) என்ற ஓவியரின் சுஜிமெகாகி.

இந்தத் தாளின் ஒரு குணத்தை முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு கோடு போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே குறுக்கே இன்னொன்று போடுங்கள். இரண்டாவது கோடு முதலாவதன் மேல் ஏறாது; முதலில் இட்டதே மேலே இருப்பது போலத் தெரியும். முதல் மையின் நீரும் பசையும் நார்களை நிரப்பிவிட்டதால் அடுத்த மைக்கு உள்ளே இடமில்லை. இரண்டு நீர்த்த திட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் பரவினால், அவை சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெண்கோடு நிற்கும்.

ஜாகுச்சூ சாமந்தி இதழ்களையும் மீனின் செதில்களையும் இப்படித்தான் வரைந்தார். வெளிக்கோடு கிடையாது, வெள்ளை நிறமும் கிடையாது. ஒரு பங்கு மைக்கு எட்டு முதல் பத்துப் பங்கு நீர். ஓர் இதழை ஒரே தொடுதலில் வைத்து எடுங்கள். அது பரவி நிற்கும் முன்பே அடுத்த இதழ், இடையில் நூலளவு இடைவெளி. மை அடர்ந்திருந்தால் கோடு தோன்றாது. தூரிகையில் நீர் வழிந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதலாவது முழுக்கக் காய்ந்துவிட்டால் சாதாரணமாக மேலே ஏறிவிடும். சீனத் தாளின் இயல்பை எடுத்து, சீனத்தில் யாரும் இந்த அளவுக்குக் கொண்டுபோகாத இடத்துக்கு அவர் கொண்டுபோனார் என்பது என் எண்ணம்.

---

ஈரவிளிம்பு

ஒரு சேர்க்கை. அடுத்து எல்லோரும் கடுகு விதைத் தோட்டக் கையேடு என்ற சீன ஓவியப் பயிற்சி நூலை வாங்கச் சொல்வார்கள். நான்ஜிங்கில் 1679இல் முதல் பகுதி வந்தது, ஜப்பானில் 1748இல் மறுபதிப்பு. இகே நோ தைகாவும் யோசா பூசோனும் வளர்ந்த இலக்கியவாதி ஓவிய மரபுக்கு அது பாடநூல் மாதிரி. பாறையின் கோட்டு வகைகளைக் கற்க நல்ல நூல்தான். ஆனால் மரக்கட்டை அச்சில் எல்லாக் கோடும் ஒரே கருமையில் இருக்கும், நீரின் ஏற்ற இறக்கம் பதியாது. ஹபோகு பழகுகிறவர் அதைப் பார்த்து வரைந்தால் கை இறுகும்.

அதைவிட, ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களின் இ-மியூசியம் தளத்தில் ஹபோகுவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அடர்ந்த மரத்திட்டுக்கு அருகே போய், ஒவ்வொரு தொடுதலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதன் விளிம்பு கலங்கியிருக்கிறது, எது கூராக நிற்கிறது என்று பாருங்கள். கலங்கிய விளிம்பெல்லாம் ஈரத்தில் வைத்தவை, கூரானவை காய்ந்த பின் வைத்தவை. அந்த வரிசையை ஒரு தாளில் எண்ணிட்டு எழுதிக்கொண்டு பிறகு தூரிகையை எடுங்கள்.